சந்தனம் மணக்கும் துப்பாக்கி

புதன்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பது. கோத்தா திங்கிக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த துப்பாக்கி சுடும் கிளப்பில், நீள மேசையின் மேல் மூன்று பொருள்கள் கிடந்தன. ஒரு கறுப்புத் துப்பாக்கி. ஒரு பழுப்புத் துப்பாக்கி. நிரப்ப வேண்டிய ஒரு போரம்.

போரத்தில் பெயர் இருந்தது: கஸ்தூரி. வயது நாற்பத்தொன்று. தொழில், அரசாங்கப் பல் கிளினிக்கில் நர்ஸ். விலாசம், அடையாள அட்டை எண், கிளப் உறுப்பினர் எண் எல்லாம் இருந்தன. ஒரே ஒரு கட்டம்தான் காலி. வாங்கப்போகும் துப்பாக்கியின் எண்ணை எழுத வேண்டிய கட்டம்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்கு போலீஸ் பாலாய்ல கவுண்டர மூடிடுவாங்க மிஸ்ஸி," என்றார் மூர்த்தி. ஆயுத அறைக்கு அவர்தான் பொறுப்பு. பட்டாளத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நர்ஸ் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணும் அவருக்கு மிஸ்ஸிதான். "இங்கேர்ந்து போலீஸ் பாலாய்க்கு மோட்டார்ல முப்பது நிமிசம். மூணே கால் வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல காத்திருந்தா உங்க அனுமதி லெட்டர் செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

"செத்தா?" என்று கேட்டான் லோகேஸ்வரன். பதில் தெரிந்தே கேட்டான். கணவனாயிற்றே.

"மறுபடி மொதல்லேர்ந்து. மனு, இண்டர்வியூ, விசாரணை, காத்திருப்பு. ரெண்டு வருசம்."

அந்த இரண்டு வருடத்தின் நீளம் கஸ்தூரிக்குத் தெரியும். அனுமதி ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான். எண் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். பிடிக்கவில்லை என்று புடவையைப் போல மாற்றிக்கொண்டு வர முடியாது. வாங்கிய துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. மூர்த்தியின் இரும்பு அலமாரியில்தான் தூங்கும். சனிக்கிழமை வந்து எடுத்து, சுட்டு, துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

'அதுக்கா இவ்வளவு பாடு?' என்று அவளிடம் கேட்காதவர்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

அதுக்குத்தான். மூன்று வருடம் முன்பு கிளினிக் தோழி ஒருத்தி இழுத்ததற்காக இந்தக் கிளப்புக்கு ஒரு நாள் வந்தாள். குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தூரத்தில் இருந்த காகிதத்தைப் பார்த்து ஐந்து தோட்டா சுட்டாள். சுட்டு முடித்து எழுந்தபோதுதான், ஏறக்குறைய ஏழு நிமிடமாகத் தான் எதைப் பற்றியும் யோசிக்கவே இல்லை என்பது உறைத்தது. வாரம் முழுக்க அலறும் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைத்து, அவர்களின் அம்மாக்களையும் சமாளித்து, வீட்டுக்கு வந்து மாமியாருக்கு மருந்து கொடுத்து, மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு ஏழு நிமிடம் என்பது சொத்து. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை.

ஆனால் இத்தனை நாளும் சுட்டது கிளப்பின் பொதுத் துப்பாக்கியில். ஒவ்வொரு சனியும் போன வாரம் யாரோ திருகி வைத்த குறிபார்க்கும் துளையைத் திருகிச் சரிசெய்யவே பாதி நேரம் போய்விடும். அடுத்தவர் செருப்பில் ஓட்டப்பந்தயம் ஓடுகிற மாதிரி. தனக்கென்று ஒன்று. அவ்வளவுதான் ஆசை.

"யோசிக்க என்ன இருக்கு?" லோகேஸ்வரன் கறுப்புத் துப்பாக்கியின் பக்கம் போய் நின்றான். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவன். இன்றைக்கு இதற்காகவே லீவு போட்டிருந்தான். மூன்று மாதமாக யூடியூபில் துப்பாக்கி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில், வாழ்க்கையில் ஒரு தோட்டாவையும் தொடாமலே நிபுணனாகியிருந்தான். "புதுசு. டெலஸ்கோப் இருக்கு. பத்து தோட்டா மேகசின். மழை பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அமெரிக்காவுல ஒருத்தன் இத சேத்துல போட்டு மிதிச்சிட்டு எடுத்துச் சுடறான்."

"நான் எதுக்குங்க சேத்துல போட்டு மிதிக்கப் போறேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன் லா."

மூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

கறுப்பு, ஜொகூர் பாரு கடைக்காரர் பார்த்துச் சொல்லும்படி அனுப்பி வைத்தது. பழுப்பு, சபாபதியுடையது. பன்னிரண்டு வருடம் இதே கிளப்பில் உறுப்பினராக இருந்தவர். கண்ணில் புரை விழுந்ததும் துப்பாக்கியை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மகனின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்காக் போய்விட்டார். அவர் துப்பாக்கி ஆறு மாதமாக அலமாரியிலேயே கிடக்கிறது. ஒருவரும் வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், கிளப்பில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

முதலில் கறுப்பு.

கஸ்தூரி காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு பாயில் படுத்தாள். துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் பதித்ததுமே தெரிந்துவிட்டது. நீளம். விசையை எட்ட விரலை நீட்ட வேண்டியிருந்தது. கன்னம் எங்கே படுவது என்று தெரியாமல் கழுத்து கொக்கு மாதிரி நீண்டது. டெலஸ்கோப் வழியாக இலக்குத் தாள் கண்ணருகே வந்து நின்றது, உண்மைதான். கூடவே அவளுடைய நாடித் துடிப்பும் வந்து நின்றது. குறிக்கோடு தாளின்மேல் குதியாட்டம் போட்டது. விசையோ கல். இழு இழு என்று இழுத்து, வெடித்தபோது அவளே திடுக்கிட்டாள்.

பத்து தோட்டா. மூர்த்தி தாளைக் கொண்டுவந்தார். மிக்சரை அள்ளி வீசியதுபோலத் துளைகள்.

"ரொம்ப மோசமில்ல," என்றான் லோகேஸ்வரன். "பழகினா சரியாயிடும்."

"ஆளுக்குத்தான் துப்பாக்கி. துப்பாக்கிக்கு ஆள் இல்ல," என்றார் மூர்த்தி. "முழங்கைய மடக்கி அதுக்குள்ள கட்டைய வெச்சுப் பாருங்க. விரல் விசைகிட்ட வரணும். மிஸ்ஸிக்கு வரல. இது ஆறடி ஆளுக்குச் செஞ்சது."

"அப்ப அதை எடுத்துப் பார்க்கலாம்," என்று கஸ்தூரி பழுப்பைக் கையால் காட்டினாள்.

மூர்த்தி உடனே நகரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடுக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், பொறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. இதுல ஏதோ இருக்கு மிஸ்ஸி."

"ஏதோன்னா?"

"மலாய்க்காரப் பசங்க பெனுங்குன்னு சொல்றாங்க. காவல் ஆவி. அஞ்சு தோட்டா வரைக்கும் ஒழுங்கா சுடும். அதுக்கு மேல அது இஷ்டத்துக்குச் சுடும். அதுமட்டுமில்ல..." குரலைத் தாழ்த்தினார். "சுடும்போது சாமி வாசம் வருது."

"அலமாக்," என்றான் லோகேஸ்வரன். "கஸ்தூரி, கறுப்பு நம்பர எழுது. போலாம்."

கஸ்தூரி பழுப்புத் துப்பாக்கியை எடுத்தாள்.

கை வைத்ததும் ஒரு நிம்மதி. வால்நட் மரக்கட்டை, வழுவழு என்று தேய்ந்து, தேன் நிறத்தில். டெலஸ்கோப் கிடையாது, பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம், துளை வழியாக வளையத்தைப் பார்த்து, வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டத்தை உட்கார வைத்தால் தீர்ந்தது. சபாபதி அவளைவிட உயரமில்லாத மனிதர். கட்டையைத் தனக்காக அறுத்துக் குட்டையாக்கியிருந்தார். தோளில் பதித்தாள். கன்னம் தானாக வந்து சாய்ந்தது. விரல் தானாக விசைக்குப் போனது. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல.

ஒரு தோட்டாவை உள்ளே தள்ளி, போல்ட்டை மூடி, மூச்சை விட்டு, நிறுத்தி, விசையைத் தொட்டாள். தொட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடி உடைகிற மாதிரி சுத்தமாக விட்டது.

ஐந்து தோட்டா. தூரக்கண்ணாடி வழியே பார்த்த மூர்த்தி விசிலடித்தார். ஐந்தும் நடுவில். ஒரு ஐந்து காசு நாணயத்தை வைத்து மறைத்துவிடலாம்.

ஆறாவது கொஞ்சம் மேலே விழுந்தது. ஏழாவது அதற்கும் மேலே. எட்டு, ஒன்பது, பத்து.

அப்போதுதான் வாசம் வந்தது. வெடிமருந்துக் காரத்துக்கு அடியில், மெல்ல, சாமி அறைக் கதவைத் திறந்தால் வருமே, அந்த வாசம். கஸ்தூரியின் முழங்கையில் ரோமம் எழுந்து நின்றது.

லோகேஸ்வரனுக்கும் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினான். பின்னால் இரண்டு அடி நகர்ந்தான்.

"சொன்னேன்ல?" என்றார் மூர்த்தி.

மணி ஒன்று ஐம்பத்தைந்து.

மேசைக்கு வந்தார்கள். இரண்டு தாள்களும் பக்கத்துப் பக்கத்தில். கஸ்தூரி பேனாவை எடுத்தாள். கறுப்பு பிடிக்கவில்லை; ஆனால் அது சொன்னபடி கேட்கும். பழுப்பு பிடித்திருக்கிறது, ஆனால் பாதியில் கைவிடும். வெறும் பிடித்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போரத்தின் காலிக் கட்டத்தில் பேனா முனை போய் நின்றது.

நின்றது நின்றதுதான். அவள் பார்வை பழுப்பின் தாளை விட்டு வரவில்லை.

"ஏங்க, இங்க பாருங்க. கறுப்புல எல்லாப் பக்கமும் சிதறியிருக்கு. அது என் கைக் கோளாறு. இது சிதறல. ஏணி வெச்ச மாதிரி நேரா மேல ஏறுது. ஒண்ணுக்கு மேல ஒண்ணு."

"அதனால?"

"ஆவிக்கு இவ்வளவு ஒழுங்கு எதுக்கு?"

மூர்த்தியிடம் சொல்லிக் குழல் ஆறும்வரை பொறுத்தாள். பதினைந்து நிமிடம். லோகேஸ்வரன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூர்த்தி வெளியே போய் தன் மோட்டார் சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி படுத்தாள். புதுத் தாள். ஐந்து தோட்டா நடுவில், முதல் தடவை போலவே. ஆறாவது மேலே. ஏழாவது அதற்கு மேலே. வாசமும் வந்தது.

கஸ்தூரி இந்தத் தடவை பயப்படவில்லை. சிரித்தாள்.

"ஆறினா சரியாயிடுது. சூடானா கெடுது. மூர்த்திண்ணே, சூடா டீ குடிச்சா மட்டும் பல்லு கூசுதுன்னு ஒருத்தர் வந்தா நாங்க ஆவி ஓட்ட மாட்டோம். எங்கயோ இடுக்குல ஏதோ இருக்குன்னு தேடுவோம். சபாபதி அண்ணன் நம்பர் வெச்சிருக்கீங்களா?"

மணி இரண்டு இருபது.

தங்காக்கில் போன் எடுத்தபோது பின்னணியில் யாரோ பட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆ, சொல்லு தங்கச்சி! என் பிள்ளைய எடுத்துக்கறியா?" சபாபதியின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது.

"யோசிச்சிட்டிருக்கேண்ணே. ஒண்ணு கேக்கணும். மொதல்ல வாங்கினப்ப எப்படிச் சுட்டுச்சு?"

"தங்கம்மா, தங்கம்! இருபது தோட்டா போட்டாலும் ஒரே ஓட்டைக்குள்ள போவும். மூர்த்தி சாட்சி."

மூர்த்தி தலையாட்டினார்.

"எப்பலேர்ந்து கெட்டுச்சு?"

"அது வந்து... ரெண்டாம் வருசம் கொஞ்சம். மூணாம் வருசம் இன்னும் கொஞ்சம். எனக்கு மனசே விட்டுப் போச்சு. யார் கண்ணு பட்டுச்சோ. என்னால ஆனத செஞ்சேன் தங்கச்சி. ஒரு ஆயுத பூஜை விட்டதில்ல. வருசா வருசம் தட்டு எடுத்துகிட்டு வந்து, சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டிட்டுத்தான் போவேன். கெடக் கெட நானும் கூடக் கூட வெச்சேன். கடைசி வருசமெல்லாம் அபிஷேகம்னுதான் சொல்லணும்."

கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க வெப்பீங்கண்ணே? சந்தனத்த?"

"குழல் மேலதான். மரமும் இரும்பும் சேருது பாரு, அந்த இடத்துல. மூணு விரலால பட்டையா. பன்னீர்ல நல்லா தண்ணியா கரைச்சு வெப்பேன். கெட்டியா வெச்சா உதிர்ந்திடும். அப்படியே உள்ள எறங்கணும் தங்கச்சி, இரும்புக்குள்ள எறங்கணும், அப்பதான் சாமி நிக்கும்."

"சரிங்கண்ணே. அப்புறம் கூப்பிடறேன்."

போனை வைத்தாள். மூர்த்தியைப் பார்த்தாள். மூர்த்தி தரையைப் பார்த்தார்.

"மூர்த்திண்ணே, நீங்க அந்தப் பூஜைக்கு இருந்தீங்களா?"

"இருந்தேன்." கொஞ்சம் பொறுத்து, "நான்தான் கற்பூரத் தட்டு பிடிச்சேன்."

"மறுநாள்?"

"மறுநாள் எண்ணெய்த் துணியால பளபளன்னு துடைச்சு வெச்சிடுவேன். ஒரு பொட்டு கூட வெளிய தெரியாது. இரும்பு துருப் பிடிச்சிடும்ல? அது என் கடமை மிஸ்ஸி."

"வெளிய தெரியாது," என்று கஸ்தூரி திருப்பிச் சொன்னாள்.

கைப்பையைத் திறந்தாள். உள்ளே எப்போதும் இருக்கிற, பல் இடுக்கில் விட்டு இழுக்கிற நூல் டப்பா. ஒரு முழம் இழுத்து அறுத்தாள். மூர்த்தி போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கி காலிதான் என்று இரண்டு தடவை காட்டி, மேசையில் வைத்தார்.

நல்ல துப்பாக்கியில் குழல் மரத்தின்மேல் படுத்திருக்காது. பின்பகுதியில் மட்டும் திருகிப் பிடித்திருக்கும். முன்பக்கம் மரத்தைத் தொடாமல் மிதக்கும். நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. சூடானால் குழல் தன்பாட்டுக்கு நீள அந்த இடம் வேண்டும். மூர்த்தி இதைப் புதுசாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

கஸ்தூரி நூலைக் குழலுக்கு அடியில் கொடுத்து, இரண்டு நுனியையும் பிடித்து, முன்னாலிருந்து பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டே போனாள். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் வந்தது. மரத்தின் வாய் தாண்டி நான்கு விரற்கடையில் நின்றது. ஆட்டினாள். நகரவில்லை. நூலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

வெள்ளை நூலில் மஞ்சள். நடுவில் இம்மி அளவு சிவப்பு.

லோகேஸ்வரன் முகர்ந்து பார்த்தான். "சந்தனம்," என்றான், ஏதோ துப்பறிந்தவனைப் போல.

மூர்த்தி இரண்டு திருகையும் கழற்றி இரும்பை மரத்திலிருந்து தூக்கினார். மூன்று தலைகள் குனிந்தன. மரப் பள்ளத்தில், ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு, வருடத்துக்கு ஒரு அடுக்காகப் பதினோரு ஆயுத பூஜை கெட்டிப்பட்டுக் கிடந்தது. மேலே சந்தனம், நடுவே குங்குமக் கோடு, மறுபடி சந்தனம். காய்ந்து கல்லாகி, குழலின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு. குழல் சூடேறி நீளும்போதெல்லாம் அந்தக் கல் அதை மேலே நெம்பியிருக்கிறது.

"காரை," என்றாள் கஸ்தூரி. அவள் குரலில் தொழில்முறைச் சந்தோஷம். "பத்து வருசமா கிளீன் பண்ணாத பல்லு. சாமி உள்ள எறங்கத்தான் செஞ்சிருக்கு, இரும்புல இல்ல, மரத்துல."

மூர்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பாவி மனுசன். கெடக் கெட இன்னும் வெச்சிருக்கான். வெக்க வெக்க இன்னும் கெட்டிருக்கு. நான் வேற தட்டு பிடிச்சிருக்கேன்!"

"பொறகு அழுவலாம்ணே. மணி ரெண்டு முப்பத்தெட்டு. சுடுதண்ணி எங்க இருக்கு?"

"மிஸ்ஸி, தண்ணி மரத்துல ஊறினா கெட்டுப் போயிடும்."

"ஊற விட மாட்டேன். ஈரத் துணி மட்டும். குத்த ஏதாவது குச்சி இருக்கா? இரும்பு வேணாம், மரத்தக் கீறிடும்."

போன வாரக் கிளப் விருந்தில் மிஞ்சிய சாத்தே கறி கோக்கும் மூங்கில் குச்சிக் கட்டு ஒன்று சமையலறையில் கிடைத்தது. லோகேஸ்வரன் குச்சிகளை ஒவ்வொன்றாக நுனி தட்டையாகச் சீவிக் கொடுத்தான். சீவுவதில் அவன் கெட்டிக்காரன். கஸ்தூரி வெந்நீர்த் துணியை ஒற்றி, இளகவிட்டு, ஓரத்திலிருந்து நெம்பினாள். அவசரப்படவில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது அவசரப்பட முடியுமா? அதே கை, அதே நிதானம். பொட்டுப் பொட்டாக வந்தது. ஒரு பெரிய துண்டு பிஸ்கட் மாதிரி கழன்று வந்தபோது மூர்த்தி அதைக் கீழே விழ விடாமல் கையில் ஏந்தி, ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்குண்ணே?"

"சாமிக்கு வெச்சது. குப்பையில போடக் கூடாது. ஆத்துல விட்டுடறேன்."

பள்ளத்தைத் துடைத்து, ஸ்டாண்டு விசிறிக்கு நேராகப் பிடித்து உலர்த்தினார்கள். குழலின் அடியில் சந்தனம் உட்கார்ந்திருந்த இடத்தில் லேசான துரு. எண்ணெய்த் துணிக்கு வந்துவிட்டது. திருகைப் பூட்டினார் மூர்த்தி. கஸ்தூரி மறுபடி நூலை விட்டாள். முன்னாலிருந்து பின்வரை, தடையே இல்லாமல், வெண்ணெயில் போவதுபோலப் போனது.

மணி மூன்று நான்கு.

"பத்து தோட்டாதான். அதுக்கு மேல நேரமில்ல," என்றார் மூர்த்தி. சொல்லும்போதே ஹெல்மெட்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

கஸ்தூரி படுத்தாள். முதல் தோட்டா. இரண்டாவது. ஐந்தாவது வரை அவளுக்குப் பயமில்லை. ஆறாவதை உள்ளே தள்ளும் முன் விரலைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஒன்றில் இரண்டு வருடம் இருக்கிறது. மூச்சை விட்டாள். காத்திருந்தாள். அலறும் பிள்ளைகள் போனார்கள், மருந்து நேரம் போனது, பின்னால் நின்று மூச்சுவிடும் புருஷனும் போனான். வளையத்துக்குள் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிச்சம்.

தொட்டாள்.

ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்திருந்த மூர்த்தி நிமிரவில்லை. லோகேஸ்வரனால் தாங்க முடியவில்லை. "என்னண்ணே, சொல்லுங்கண்ணே!"

"பத்தும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி விழுந்திருக்கு," என்றார் மூர்த்தி.

"ஐயோ."

"கழட்டி மாட்டினா குறி நகரத்தான் செய்யும். பின்துளைய ரெண்டு திருகு திருகினா நடுவுக்கு வந்திடும். அது பெரிசில்ல." நிமிர்ந்தார். வாயெல்லாம் பல். "பத்தும் ஒரே எடத்துல தம்பி. ஒரே ஓட்டை. நீயே வந்து பாரு."

கஸ்தூரி பாயிலிருந்து எழுந்து, போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, நேராக மேசைக்குப் போனாள். பழுப்புத் துப்பாக்கியின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார் மூர்த்தி. அவள் எழுதினாள். எழுதியதைத் திருப்பிப் படித்தாள். லோகேஸ்வரன் சரிபார்த்தான். கையெழுத்து. தேதி.

மூர்த்தி இரண்டு துப்பாக்கிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, போரத்தை நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு மோட்டாரை உதைத்தபோது மணி மூன்று பதினாறு. செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் புழுதி எழுந்து அடங்கியது.

சாலைச் சந்திப்பில் இருந்த காளியம்மாவின் சாப்பாட்டுக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து இரண்டு பேரும் பசியாறவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரொட்டி சானாய் வந்தது. லோகேஸ்வரன் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டான். கஸ்தூரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கறுப்புல டெலஸ்கோப் நல்லா இருந்துச்சுல்ல?" என்றான் அவன் மெல்ல.

"நல்லா இருந்துச்சு. என் நாடித் துடிப்பு நல்லாத் தெரிஞ்சுச்சு."

"வீடியோவுல அந்த ஆளு நூலு விடறத காட்டவே இல்ல."

"அவன் சேத்துல மிதிச்சிட்டு இருந்திருப்பான். சாப்பிடுங்க."

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வாங்கிட்டாங்க மிஸ்ஸி! போரத்துல சாப் முத்திரை அடிச்சாச்சு! சார்ஜன் நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டாரு, நான் கண்ணாடியத் தட்டி நிறுத்தினேன்! சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு மொத எடம் உங்களுக்கு!"

கஸ்தூரி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் முக்கி, வாய் நிறையப் போட்டுக்கொண்டாள். நன்றாக மென்றாள். லோகேஸ்வரன் தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

அப்புறம் தங்காக்குக்குக் கூப்பிட்டாள். இதுதான் கஷ்டமான போன். கிளப்பிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள்: என்ன சொல்வது? பழுது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் பதினோரு வருடம் கண்பட்டது என்று நினைத்து நொந்த மனுஷனிடம், நடந்ததைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை. சொன்னாள். நூல், மஞ்சள், சிவப்பு, அடுக்கு, சாத்தே குச்சி, பத்து தோட்டா, ஒரே ஓட்டை. ஒன்றையும் மறைக்கவில்லை.

மறுமுனையில் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"அண்ணே? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் சபாபதி. "அப்ப யார் கண்ணும் படல?"

"படலண்ணே."

"துப்பாக்கி மேலயும் தப்பில்ல."

"இல்லண்ணே. நல்ல துப்பாக்கி. நீங்க சொன்ன மாதிரியே தங்கம்."

ஒரு நொடி கழித்து வந்தது பாருங்கள், அந்தச் சிரிப்பு. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே துணிக்கடையில் யாரோ "என்னாச்சுப்பா?" என்று பதறுவது கேட்டது. "நான்தான்டா! பதினோரு வருசமா நானேதான்டா!" என்று அவர் யாரிடமோ கத்திவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி போனுக்கு வந்தார். "தங்கச்சி, சனிக்கிழமை நான் வரட்டுமா? சுட முடியாது. சும்மா பின்னால நாற்காலி போட்டு உக்காந்து சத்தத்தக் கேக்கறேன். இருபது தோட்டா சுடுவியா?"

"வாங்கண்ணே. உங்களுக்காக முப்பது சுடறேன்."

"மூர்த்திகிட்ட நாற்காலி எடுத்து வெக்கச் சொல்லு. கை வெச்ச நாற்காலி."

கஸ்தூரி போனைப் பையில் போட்டாள். பால் விடாத ஐஸ் டீயான தே ஓ ஐஸை ஒரே இழுப்பில் குடித்து முடித்துவிட்டு, காளியம்மாவைப் பார்த்து இன்னொன்று என்று கையைக் காட்டினாள்.